லாரி நிற்கும் நாள் யார் கணக்கில்?

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவரிடம் ‘என்ன வண்டி?’ என்று கேட்டால், சக்கரத்தின் எண்ணிக்கைக்கும் டன் கணக்குக்கும் முன்பாகக் கம்பெனியின் பெயர் வரும். ‘அப்பா காலத்துலிருந்தே நமக்கு லேலண்டுதானுங்க’ என்பார் ஒருவர். டாடாவைத் தவிர வேறெதையும் வாசலில் நிறுத்தியதில்லை என்பார் இன்னொருவர். எல்.பி.ஜி. டேங்கரும் டிரெய்லரும் முட்டை வண்டியும் ஓடும் நாமக்கல், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர்போன திருச்செங்கோடு, சிமென்ட் ஏற்றிப் பழகிய சங்ககிரி என்று அந்த வட்டாரம் முழுவதும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். விற்பனைத் துறையினர் இதைப் பிராண்டுப் பற்று என்று குறித்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். உரிமையாளரைக் கம்பெனியோடு கட்டிவைத்திருப்பது, நின்றுபோன வண்டி எவ்வளவு சீக்கிரம் மறுபடி ஓடும் என்ற கணக்கு. கம்பெனி தரும் உத்தரவாதம் பெரும்பாலும் அந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெயர் மீதுள்ள பற்று எவ்வளவு மேலோட்டமானது என்பதை இந்திய லாரி வரலாறே காட்டுகிறது. 1948-இல் தோன்றி ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்ற அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு கைகோத்து 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. டாடாவின் டெல்கோ 1954-இல் டைம்லர்-பென்ஸுடன் ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரித்தது. 1969-இல் ஒப்பந்தம் முடிந்ததும், உலகமே அறிந்த மும்முனை நட்சத்திரம் முகப்பிலிருந்து இறங்கி ‘டி’ எழுத்து ஏறியது. பெயர்தான் பெரிதென்றால் அன்றோடு அந்த வண்டியின் சந்தை சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. அதே அமைப்பு, அதே ஸ்பேர், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த அதே மெக்கானிக். மறுபக்கம், ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் நிறைந்திருந்த ஃபார்கோவும் பெட்ஃபோர்டும் உற்பத்தி நின்றபின் மெல்ல மறைந்தன. ஜெர்மனியின் மான் நிறுவனம் 2018-இல் இந்தியச் சந்தையிலிருந்து விலகுவதாக அறிவித்தபோது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதன் லாரிகளின் பொறியியல் தரம் ஒரே இரவில் கெட்டுவிடவில்லை. ஆனால் ஸ்பேர் எங்கிருந்து வரும், விற்கப் போனால் யார் எடுப்பார் என்ற இரண்டு கேள்விகள் அவற்றின் உரிமையாளர்கள் முன் வந்து நின்றன.

ஆகவே நம்பகத்தன்மையை என்ஜினுக்குள் மட்டும் தேடுவது பிழை. அதன் பெரும்பகுதி என்ஜினுக்கு வெளியே இருக்கிறது. கிளட்ச் பிளேட் முதல் கிரவுன் வீல் வரை அடுக்கி வைத்திருக்கும் கடை, சேஸிஸைப் பார்த்தவுடன் பாடி எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் பட்டறை, அந்த வண்டியின் கியரில் கை பழகிய டிரைவர், பழைய வண்டிக்கு விலை சொல்லும் தரகர் எல்லாரும் அதில் அடக்கம். கடன் கொடுப்பவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் 1954-இல் தோன்றிய சுந்தரம் ஃபைனான்ஸும், 1979-இல் தொடங்கிப் பழைய லாரி வாங்குவோருக்குக் கடன் கொடுத்தே வளர்ந்த ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸும் இந்தத் தொழிலின் அடித்தளங்கள். தவணை கட்ட முடியாமல் போனால் வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதே கடன் கொடுப்பவரின் கவலை. எனவே மறுவிற்பனை மதிப்புள்ள வண்டியைத்தான் அவர் விரும்புவார். பட்டறைக்குத் தெரிந்த வண்டிக்குத்தான் மறுவிற்பனை மதிப்பு உண்டு. ஒன்றை ஒன்று தாங்கும் இந்தச் சுற்றுக்குள் புதிய கம்பெனி நுழைவது கடினம். 2012-இல் ஒரகடத்திலிருந்து சந்தைக்கு வந்த பாரத்பென்ஸ், டைம்லரின் பெயரும் பணமும் பின்னால் இருந்தும், சொந்த சர்வீஸ் வலையை ஊர் ஊராகக் கட்டித்தான் தன் இடத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிற்கும் நாளின் விலையைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். இந்தியாவில் லாரி வைத்திருப்போரில் 5 வண்டிக்குள் வைத்திருப்பவர்களே பெரும்பான்மையினர். வண்டி ஒடிசாவில் நின்றாலும் ராஜஸ்தானில் நின்றாலும் மாதத் தவணையான டியூ நிற்காது. காப்பீடு ஓடிக்கொண்டிருக்கும், காலாண்டு வரி ஓடிக்கொண்டிருக்கும், டிரைவரின் சாப்பாட்டுச் செலவும் அப்படித்தான். லோடு கெடும் சரக்காக இருந்தால் இன்னொரு வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். திரும்பி வரும்போது கிடைத்திருக்க வேண்டிய ரிட்டர்ன் லோடும் போய்விடும். 300 வண்டி வைத்திருக்கும் கம்பெனி ஒரு வண்டி நிற்பதை மற்ற வண்டிகளின் வருமானத்தில் கரைத்துக்கொள்ளும். 2 வண்டி வைத்திருப்பவருக்கு அது பாதி வருமானம்.

உத்தரவாதம் எதற்காக என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் ஒரே பதிலைச் சொன்னதில்லை. ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நம்பிக்கையைக் காக்கும் ஏற்பாடுகளாக உத்தரவாதத்தையும் பிராண்டுப் பெயரையும் ஒருசேரக் குறிப்பிட்டார். சட்ட அறிஞர் ஜார்ஜ் பிரீஸ்ட் 1981-இல் வேறு கோணம் காட்டினார். எந்தப் பழுதை யார் குறைந்த செலவில் தடுக்க முடியுமோ, அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தமே உத்தரவாதம் என்பது அவர் கருத்து. வார்ப்பில் குறை இருந்தால் கம்பெனி பொறுப்பு. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் உரிமையாளர் பொறுப்பு. லாரி விஷயத்தில் பிரீஸ்ட்டின் கருத்தே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் அதை முழுமையாகப் பின்தொடர்ந்தால் கம்பெனிகள் விரும்பாத முடிவுக்கு வந்து சேர்வோம். பழுதைச் சரிசெய்ய எடுக்கும் நேரத்தைக் குறைக்கும் ஆற்றல் இன்று யாரிடம் இருக்கிறது?

இருபதாண்டுக்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் பட்டறை மெக்கானிக். இப்போது அப்படியில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பி.எஸ்.3 வண்டிகளின் விற்பனையை அந்த நாளோடு உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. டாடாவும் பாரத்பென்ஸும் யூரியாக் கரைசலான ஆட்புளூவைக் கொண்டு புகையைச் சுத்திகரிக்கும் முறையை எடுத்துக்கொண்டன. அசோக் லேலண்டு, புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் செலுத்தும் முறையைத் தேர்ந்து, ஆட்புளூ தேவையில்லை, பராமரிப்பு எளிது என்று விளம்பரம் செய்தது. தன் வாடிக்கையாளரை அந்தக் கம்பெனி எவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்பதையே அது விற்றது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் ஆட்புளூ அங்கும் வந்துவிட்டது. இன்றைய லாரியில் ஒரு சென்சார் பிசகினால் என்ஜின் தானாகவே இழுவைத் திறனைக் குறைத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்கக் கம்பெனியின் மென்பொருள் ஏற்றிய லேப்டாப் வேண்டும். காற்று மாசு குறைந்தே ஆக வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பழுதுபார்க்கும் அறிவு பட்டறையிலிருந்து கம்பெனிக்கு இடம்பெயர்ந்தது இந்த மாற்றத்தின் மறுபக்கம்.

இதே காலத்தில்தான் உத்தரவாதக் காலமும் நீண்டது. டாடா மோட்டார்ஸ் 2018 தொடக்கத்தில் நடுத்தர, கனரக லாரிகளுக்கு 6 ஆண்டு உத்தரவாதம் அறிவித்தது. மற்றவர்களும் காலத்தை நீட்டினார்கள். வாங்குபவருக்கு இது நல்லதுதான், ஐயமில்லை. ஆனால் குறித்த இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும், கம்பெனி சொன்ன ஆயிலையும் ஃபில்டரையும் போட வேண்டும் என்ற நிபந்தனைகள் கூடவே வரும். லாரிக் கடன் பெரும்பாலும் 4, 5 ஆண்டுகளில் முடிந்துவிடும். அதாவது வண்டி நன்றாக ஓடிச் சம்பாதிக்கும் காலம் முழுவதும் ஊர்ப் பட்டறை அதன் என்ஜினைத் திறந்து பார்ப்பதில்லை. உத்தரவாதம் முடிந்து இரண்டாம் உரிமையாளர் கைக்கு வண்டி வரும்போது, அவர் நம்பிப் போகும் பட்டறைக்கு அந்த என்ஜின் அந்நியம். முதல் உரிமையாளருக்குக் கிடைத்த பாதுகாப்பின் விலையை இரண்டாமவர் கட்டுகிறார். அவரோ பெரும்பாலும் டிரைவராக இருந்து, கடன் வாங்கி, முதல் வண்டிக்குச் சொந்தக்காரர் ஆனவர். இந்த இழப்பு எந்த விற்பனைப் புள்ளிவிவரத்திலும் தெரியாது.

உத்தரவாத ஏட்டின் சொற்களைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பழுதான உறுப்பை மாற்றித் தருவோம் அல்லது சரிசெய்து தருவோம் என்பதே அதன் சாரம். வருமான இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி ஏறக்குறைய எல்லா ஏடுகளிலும் உண்டு. மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல், உத்தரவாதம் உறுப்பை மாற்றித் தருவதோடு நிற்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று கூறியது. அது கார் வழக்கு. லாரிக்காரருக்கு அதற்கும் முன்னால் ஒரு வாசல் இருக்கிறது: அவர் நுகர்வோர்தானா?

அந்த வாசலைக் கட்டியது கோயம்புத்தூரோடு தொடர்புள்ள ஒரு வழக்கு. பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ், அது குறையுள்ளது என்று வழக்குத் தொடுத்தது. வணிக நோக்கத்துக்காக வாங்கியதால் அந்நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு லாரியையும் எடுத்துக்காட்டாகச் சொன்னது. பிழைப்புக்காக லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் பிழைப்புக்கான இந்த விலக்கை வைத்திருக்கிறது. கிளீனரை வைத்துக்கொண்டு தானே ஓட்டுபவருக்கு இது போதும். 3 லாரிக்கு 3 டிரைவர் வைத்து, கடனில் மூழ்கிய நிலையில் ஆபீஸ் நடத்துபவர் எந்தப் பக்கம்? அவர் வாழ்க்கை டிரைவரின் வாழ்க்கையைவிடப் பெரிதாக வேறுபட்டதல்ல. சட்டம் அவரைத் தொழிலதிபராக எண்ணக்கூடும். வணிகத்துக்கு வாங்கிய இயந்திரமானாலும் உத்தரவாதக் காலப் பழுது குறித்த புகாரில் அவரை நுகர்வோராக ஏற்ற தேசிய நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகள் உண்டு என்பது ஆறுதல். ஆயினும் ஒவ்வொரு வழக்கிலும் அதை மறுபடி வாதாட வேண்டியிருக்கிறது.

கம்பெனிகளின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். நாள் கணக்கில் ஈடு தரத் தொடங்கினால் அதிக பாரம் ஏற்றியவரும் கலப்பட டீசல் போட்டவரும் சேர்ந்து கேட்பார்கள் என்பார்கள். பாரம் மீறுவது இந்தத் தொழிலில் நெடுங்காலப் பழக்கம்தான். மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக 2018-இல் அரசு உயர்த்தியதற்கு அதுவும் ஒரு பின்னணி. ஆனால் இந்த வாதம் இன்று வலுவிழந்துவிட்டது. டாடாவின் ஃப்ளீட் எட்ஜ், லேலண்டின் ஐ-அலர்ட் போன்ற கருவிகள் வழியாக வண்டியின் ஓட்டம் பற்றிய விவரங்கள் தொடர்ந்து கம்பெனிக்குப் போய்ச் சேர்கின்றன. ஏகர்லாஃபின் சந்தையில் விற்பவருக்குப் பொருளைப் பற்றித் தெரியும். பயன்பாட்டைப் பற்றி வாங்கியவருக்குத் தெரியும். இங்கே இரண்டு அறிவும் ஒரே பக்கம் குவிகிறது. தகராறு வந்தால் பழுதின் காரணத்தை மெய்ப்பிக்கப் பரிசோதனைக் கட்டணம் கட்ட வேண்டியவர் புகார்தாரர். அவர் வண்டியின் தரவு எதிராளியின் கணினியில் இருக்கிறது.

நாள் கணக்கில் ஈடு தருவது நடக்காத காரியமும் அல்ல. மஹிந்திரா தன் பிளேஸோ லாரிகளுக்கு அதைச் செய்தது. டீலரின் ஒர்க்ஷாப்புக்கு வந்த வண்டியை 36 மணி நேரத்தில் தராவிட்டால் நாளுக்கு 3,000 ரூபாய், வழியில் நின்ற வண்டி 48 மணி நேரத்தில் ஓடாவிட்டால் நாளுக்கு 1,000 ரூபாய் என்று அறிவித்தது. சந்தையில் பின்தங்கியிருந்த கம்பெனி இதைச் செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பட்டறையும் மறுவிற்பனையும் ஏற்கெனவே தன் பக்கம் இருக்கும் கம்பெனிக்கு அப்படி ஒரு வாக்குறுதி தர நெருக்கடி இல்லை. லேலண்டின் தத்கால் திட்டம் 4 மணி நேரத்தில் வந்து சேர்வோம், 48 மணி நேரத்தில் ஓடவைப்போம் என்கிறது. சேவை இலக்கு என்ற அளவில் அது நல்லது. இலக்கு தவறினால் உரிமையாளருக்கு என்ன உரிமை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், குறை கண்ட வாடிக்கையாளருக்கு விலகிப் போவது, குரல் கொடுப்பது என்று இரண்டு வழிகள் உண்டு என்றார். பற்று அந்த விலகலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு வாய்ப்புத் தரும் என்றார். லாரிகளின் போட்டியை நைஜீரிய ரயில்வே எதிர்கொள்ளத் தவறியதைக் கண்டதே அவருடைய சிந்தனைக்குத் தொடக்கம். நாமக்கல்லில் விலகல் செலவு மிக்கது என்பதை மேலே பார்த்தோம். குரலோ வேறு திசையில் ஒலிக்கிறது. இங்குள்ள லாரி உரிமையாளர் சங்கங்கள் வலுவானவை. மாநில சம்மேளனத்தின் தலைமையிடமே நாமக்கல்தான். 2018 ஜூலையில் நாடு முழுவதும் 8 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கைகள் டீசல் விலை, சுங்கக் கட்டணம், மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம். மூன்றும் நியாயமானவை. அந்த முதன்மை வரிசையில் உத்தரவாத விதிகளுக்கு இடம் இருக்கவில்லை. ஆண்டுதோறும் இத்தனை சேஸிஸ் வாங்கும் வட்டாரம் தனித்தனி ஆளாக ஷோரூமில் விலை பேசுவதற்குப் பதில், நிற்கும் நாளுக்கு ஈடு, வண்டித் தரவைப் பார்க்கும் உரிமை, ஊர் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று சங்கத்தின் வழியாகப் பேச முடியும். 2014-இல் போட்டி ஆணையம், ஸ்பேரையும் பழுதறியும் கருவிகளையும் சுயேச்சைப் பட்டறைகளுக்கு எட்டவிடாமல் வைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைத் திட்டத்தில் வாகனமும் ஒரு பிரிவு. லாரிக்காரர்கள் கையில் எடுக்கக்கூடிய ஆயுதங்கள் இவை.

இதற்கான காலமும் இப்போதுதான் கனிந்திருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அரசு மின்சார லாரிகளுக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவித்தபோது, உத்தரவாதத்தையும் நிபந்தனையாக வைத்தது. பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர். உத்தரவாதத்தின் உள்ளடக்கத்தை அரசே வகுக்க முடியும் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டுவிட்டது. ஆனால் அதுவும் ஆண்டையும் கிலோமீட்டரையும்தான் எண்ணுகிறது. மின்சார லாரியில் ஊர்ப் பட்டறை செய்யக்கூடியது இன்னும் குறைவு. பேட்டரி நின்றால் கம்பெனியை விட்டால் வேறு கதியில்லை. மானிய விதிகள் அடுத்த முறை திருத்தப்படும்போது, பழுதைச் சரிசெய்ய உச்ச நேர வரம்பும், அது தாண்டினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்ற ஈடும் சேர்க்கப்பட வேண்டும். அதைக் கேட்கும் தகுதியும் வலுவும் நாமக்கல் சம்மேளனத்துக்கு உண்டு.