கேரவனுக்கு எர்த் எங்கே?

நமக்கெல்லாம் கேரவன் என்பது ஒரு கிசுகிசுச் சொல். "ஹீரோயின் கேரவனை விட்டு இறங்கவே மாட்டேங்கிறாங்களாம்", "ஷாட் ரெடின்னு சொல்லி ஒரு மணி நேரம் ஆச்சு, சார் இன்னும் கேரவன்லதான் இருக்கார்" என்கிற மாதிரி வாக்கியங்களில்தான் அது தமிழில் புழங்குகிறது. பாரசீகத்தில் 'கார்வான்' என்றால் பாலைவனத்தில் கூட்டமாகப் போகும் வணிகர்கள். நம்மிடமும் அதற்கு நேரான சொல் ஒன்று இருந்தது: சாத்து. கோவலனின் அப்பா மாசாத்துவான், அந்தப் பெயரிலேயே வணிகச் சாத்து இருக்கிறது. பிற்பாடு 'சாத்து' என்றால் அடி என்று ஆகிவிட்டதால், சினிமாச் செய்தி எழுதுகிறவர்கள் பாரசீகச் சொல்லையே வைத்துக்கொண்டது எல்லோருக்கும் நல்லது.

இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஆர்வம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் மேல். பழுது பார்க்கிறவர், தண்ணீர் நிரப்புகிறவர், டேங்கைக் காலி செய்கிறவர். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் இந்த வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

சுற்றிப்பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1885இல் இங்கிலாந்தில் ஓடிய 'வாண்டரர்'. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், சிறுவர்களுக்கு சாகசக் கதைகள் எழுதியவர், பிரிஸ்டல் வேகன் தொழிற்சாலையில் சொல்லிச் செய்தது. 18 அடி நீளம், ஏறக்குறைய 2 டன் எடை, இழுக்க இரண்டு குதிரைகள். ஸ்காட்லாந்து வரை 1,300 மைல் போய் அடுத்த வருடமே புத்தகமும் எழுதிவிட்டார். சுதந்திரம், திறந்த சாலை, ஜிப்சி வாழ்க்கை என்று உருகி உருகி எழுதிய மனிதர்தான். ஆனால் கூடவே ஒரு வண்டிக்காரரும் ஒரு பணியாளும் போனார்கள். அந்தப் பணியாளின் வேலைகளில் ஒன்று, மூன்று சக்கர சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் போய், வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது. தனியாகச் சுதந்திரமாகத் திரிவதற்குக் கூட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நம் ஊரில் இந்த வண்டி வந்தது வேறு தேவைக்காக. கோடம்பாக்கத்தில் ஏ.வி.எம்., விஜயா-வாஹினி தளங்களுக்குள் படம் எடுத்த காலத்தில் நடிகர்களுக்கு மேக்கப் அறை இருந்தது, கழிப்பறை இருந்தது. 1977இல் '16 வயதினிலே' வந்த பிறகு தமிழ் சினிமா கேமராவைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போனது. நாம் அதைக் கலைப்புரட்சி என்று படித்திருக்கிறோம். அது புரட்சிதான், சந்தேகமில்லை. ஆனால் வயல்வெளியில் கழிப்பறை கிடையாது. உடை மாற்ற யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணைக்குப் பின்னால், நாலு பேர் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தியில் பூனம் தில்லான் 1990களில் மேக்கப் வேன்களை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியவர் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பெண்களுக்குத்தான் இது முதலில் உறைத்திருக்க வேண்டும் என்பது இயல்பு. பிறகு அது அந்தஸ்தாக மாறி, யாருக்குப் பெரிய வண்டி என்கிற சண்டையில் வந்து நின்றது தனிக்கதை. அதைச் சொல்ல நிறைய யூடியூப் சேனல்கள் இருக்கின்றன.

நான் இருப்பது படப்பையில். வண்டலூர்–வாலாஜாபாத் சாலை. மேற்கே போனால் ஒரகடம், 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் என்று வரிசையாக வண்டித் தொழிற்சாலைகள் வந்த இடம். கிழக்கே போனால் மண்ணிவாக்கம், அங்கிருந்து அவுட்டர் ரிங் ரோட்டைப் பிடித்தால் பூந்தமல்லிப் பக்கத்து ஷூட்டிங் தளங்கள். அதனால் இந்தச் சாலையோரத்து ஷெட்டுகளில் எப்போதாவது ஒரு கேரவன் வந்து நிற்பதுண்டு. அப்படி நின்ற ஒன்றின் ஓட்டுநர் அண்ணன் எனக்குப் பழக்கமானார். வேலூர்ப் பக்கத்துக்காரர். ஓட்டுநர் என்று சொன்னாலும் அவர்தான் எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஏ.சி. மெக்கானிக் எல்லாம்.

அன்றைக்கு அவர் சொன்ன புகார் இது: "கதவத் தொட்டா சுர்ருன்னு இழுக்குதுன்னு மேக்கப் அக்கா சொல்றாங்க தம்பி. செருப்பு போட்டுட்டு தொட்டா ஒண்ணும் இல்ல. மழை பேஞ்சு தரை ஈரமா இருந்தா நல்லா அடிக்குதாம்."

வண்டிக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துவிட்டு டெஸ்டரை எடுத்து பாடியில் வைத்தார். மினுக்கென்று எரிந்தது. பிறகு உள்ளே போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினார். ஏ.சி.யைப் பிடுங்கினார், எரிந்தது. ஃபிரிட்ஜ், எரிந்தது. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பல்புகள், எரிந்தது. கீசரைப் பிடுங்கினார், அணைந்தது. கழற்றிப் பார்த்தால் எலிமென்ட் மேல் அரை விரல் கனத்துக்கு உப்பு. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டும் எந்த கீசருக்கும் இதுதான் கதி. உப்புப் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்டிலேயே தங்கும், உறை வெடிக்கும், கரண்ட் தண்ணீர் வழியாக உடம்புத் தகட்டுக்கு வரும்.

"வீடா இருந்தா எர்த் கம்பி இழுத்துட்டுப் போயிருக்கும் தம்பி. இது ரப்பர் டயர் மேல நிக்குது. இதுக்கு பூமின்னு ஒண்ணு கிடையாது" என்றார்.

பழுதைவிட எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் பெரிதாகப் பட்டது. வீட்டில் கசியும் மின்சாரம் எர்த் வழியாக மண்ணுக்குள் போகும், போகும்போதே கசிவைக் கண்டுபிடிக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். வண்டியில் அதே பிரேக்கரைப் பொருத்தலாம், 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழுகிற வகை. ஆனால் எர்த் இல்லாவிட்டால் கசிவுக்குப் போக வழியே இருக்காது. வழி எப்போது கிடைக்கும்? வெறுங்காலோடு தரையில் நிற்கும் ஒருவர் கதவைத் தொடும்போது. அதனால் விவரமான ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தியதும் முதலில் ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, உப்புத் தண்ணீரை ஊற்றி, அதிலிருந்து வயர் இழுத்து பாடியில் மாட்டுவார்கள். இந்த அண்ணனின் கம்பி முந்தைய ஷூட்டிங்கில் எங்கேயோ பாறையில் வளைந்துபோய்த் தூக்கிப் போட்டுவிட்டாராம். புதிது கேட்டால் வண்டி ஓனர், "அதெல்லாம் எதுக்குப்பா" என்றிருக்கிறார்.

யோசித்துப் பார்த்தால் நகரும் வீடு தரையை விட்டுக் கிளம்பும்போது அதுவரை நாம் இருப்பதாகவே உணராத சில விஷயங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறது. மண் ஒன்று. புகை போகும் வழி இன்னொன்று. சாக்கடை மூன்றாவது. சமதரையைக்கூடச் சேர்க்கலாம். அதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு.

1922இல் ஸ்டாக்ஹோமில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் மோட்டாரே இல்லாத ஒரு ஃபிரிட்ஜைக் கண்டுபிடித்தார்கள். அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றையும் மூடிய குழாய்க்குள் அடைத்து, கீழே தீயைக் காட்டினால் மேலே குளிரும். எலெக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி உலகம் முழுக்க விற்றது. மண்ணெண்ணெய் விளக்கில் ஓடும் அதே வகைதான் மின்சாரம் எட்டாத ஊர்களின் ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசியைக் காத்தது. சத்தமில்லை, கேஸிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும் என்பதால் வெளிநாட்டு மோட்டார் வீடுகளில் அதுவே நிரந்தரமானது. ஒரே நிபந்தனை, சமமாக நிற்க வேண்டும். உள்ளே திரவம் ஓடுவது புவியீர்ப்பில்தான், பம்ப் கிடையாது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் ஒரு மூலையில் தேங்கும், கொதிகுழாய் காயும், துருப்பிடிக்காமல் இருக்கப் போட்ட ரசாயனம் கட்டிதட்டிக் குழாயை அடைக்கும். அதனால்தான் அங்கே அனுபவசாலிகள் வண்டியை நிறுத்தியதும் நம் கொத்தனார் மாதிரி ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைப்பார்கள். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்றால் முதல் கேள்வி "ரிப்பேரா?" இல்லை, "வண்டி எப்படி நிற்குது?" என்பதுதான். நம் சினிமா கேரவன்களில் இருப்பது கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ், சாதாரண வீட்டுச் சரக்கு, அதற்கு இந்தக் கவலை இல்லை.

புகை விஷயம் அப்படி வேடிக்கையாகச் சொல்லக்கூடியதல்ல.

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்தில் ஒரு சுற்றுலாப் பெட்டி தனியாகக் கழற்றி நிறுத்தப்பட்டிருந்தது. லக்னோவிலிருந்து வந்த யாத்ரிகர்கள் உள்ளே இருந்தார்கள். பல நாளாக அந்தப் பெட்டிதான் அவர்களுக்கு வீடு. விதிக்குப் புறம்பாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் அடுப்புப் பற்ற வைத்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் மேலே போகாது, தரையில் பாயை விரித்த மாதிரி படரும். வீட்டில் கதவிடுக்கு வழியாகக் கொஞ்சமாவது வாசலுக்குப் போக வாய்ப்புண்டு. மூடிய பெட்டியில் எங்கே போகும்? மற்ற நாடுகளில் மோட்டார் வீடுகளின் தரையிலேயே காற்றுத் துளை விட வேண்டும் என்று வைத்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்த வருடம், 2024 டிசம்பர், வடகரை. கோழிக்கோடு மாவட்டம், தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு கேரவன் நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரமாக நிற்கிறதே என்று பார்த்தவர்கள் திறந்தபோது உள்ளே இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். வண்டியின் ஓட்டுநரும் கூட வேலை செய்தவரும். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் வண்டியையே இயக்கிப் பார்த்துச் சோதித்தார்கள்: ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தளத்தில் இருந்த ஒரு துளை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தூக்கம் தூக்கமாகவே நீளும். மதுரைப் பெட்டியில் தரையில் துளை இருந்திருக்க வேண்டும், இந்த வண்டியில் இருந்திருக்கக் கூடாது. எந்த வாயு, எந்தப் பக்கம் என்பது தெரிந்த ஆள் வண்டியைக் கட்ட வேண்டும். வண்டி கட்டும் ஷெட்டில் டிரில் மிஷினைப் பிடித்திருக்கும் பையனுக்கு இதை யார் சொல்லித்தருகிறார்கள்?

வடகரை செய்தி வந்த சமயம் அண்ணனுக்கு போன் போட்டேன். ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நம்ம வண்டியில ஜெனரேட்டர் பின்னாடி, சைலன்ஸர் வெளிய பாத்துதான் இருக்கு" என்றார். எங்கே படுப்பீர்கள் என்று கேட்டேன். "நைட் ஷூட்டுன்னா சீட்டுல சாஞ்சுக்குவேன். ஆர்ட்டிஸ்ட் போயிட்டா உள்ள படுக்கலாம், ஆனா ஏ.சி. போடக் கூடாது, டீசல் கணக்கு கேப்பாங்க." அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஓனரின் டீசல் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். அதைச் சொல்லவில்லை.

இனி சாக்கடை. கேரவன் கழிப்பறை நாறுகிறது என்றால் எல்லோரும் டேங்க் நிறைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பாதி நேரம் அப்படி இல்லை. வாஷ்பேசினுக்கும் தரைக் குழிக்கும் அடியில் குழாய் வளைந்து கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்கும், கீழிருந்து வரும் வாடையைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வண்டி பள்ளத்தில் குலுங்கினால் அது சிந்திவிடும், நாள் கணக்கில் நின்றால் காய்ந்துவிடும். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் போதும். ராத்திரியில் யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் 'டக் டக்' என்று ஓடி ஓடி நின்றால் எங்கோ ஒரு வாஷர் சொட்டுகிறது என்று அர்த்தம். இதெல்லாம் சின்ன விஷயம். டேங்க் உண்மையிலேயே நிறைந்தால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் பெரிய விஷயம். முறையாகச் செய்தால் கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வேண்டும். செய்யாவிட்டால் இருட்டில் ஏதோ ஓர் ஏரிக்கரை வால்வைத் திறந்து பார்க்கிறது. கையால் மலம் அள்ள ஆளை வைப்பதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. அடைத்துக்கொண்ட வால்வுக்கு அடியில் படுத்துக் கம்பியால் குத்துகிறவரை அந்தச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனென்றால் அவர் வேலையின் பெயர் டிரைவர்.

இவ்வளவு பாடுபட்டுக் காக்கும் அந்தக் கழிப்பறையை யார் பயன்படுத்துகிறார்கள்? 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை மலையாள சினிமாவைப் பற்றியது. குழுவில் நம் எல்லோருக்கும் தெரிந்த நடிகை சாரதாவும் இருந்தார். பாலியல் தொந்தரவு பற்றிய பகுதிகள்தான் செய்தியாயின. அதே அறிக்கையில் படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததைப் பற்றியும் விரிவாக இருக்கிறது: சிறு நடிகைகளும் துணை நடிகைகளும் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் நாட்களில் படும் பாடு. கேரவன் பத்தடி தூரத்தில் நிற்கும், கதவு அவர்களுக்கு இல்லை. அறிக்கை வந்த சில நாட்களில் நடிகை ராதிகா, கேரளத்தில் ஒரு படப்பிடிப்பில் கேரவனுக்குள் ரகசியக் கேமரா வைத்து எடுத்த காட்சிகளைச் சிலர் போனில் பார்த்துக்கொண்டிருந்ததைத் தான் கண்டதாகச் சொன்னார். கதவு கிடைத்தவர்களுக்கும் சுவர் இல்லை என்று ஆனது.

மோட்டார் கேரவன் என்றால் என்ன என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டு விதி நாலு பொருள்களைப் பட்டியலிட்டது: இருக்கையும் மேசையும், படுக்கை, சமைக்க வசதி, பொருள் வைக்க இடம். கழிப்பறை பட்டியலில் இல்லை. நம் நாட்டில் 2004 நவம்பரில் வந்த அறிவிக்கை, சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை வாடகை வண்டிக் கணக்கில் சேராத வண்டிகளோடு வைத்தது. வாடகைக்கு ஓடும் கேரவனில் இரவில் தூங்கும் ஓட்டுநருக்கு இரண்டிலும் ஒரு வரி கிடையாது.

போன மாதம் அண்ணனின் வண்டி மறுபடி ஷெட்டுக்கு வந்தது. இந்தத் தடவை ஏ.சி., கம்ப்ரஸர் கிளம்பும்போது முனகி முனகி நின்றுவிடுகிறது. ஸ்பாட்டில் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து நூறு மீட்டருக்கு மெல்லிசான கேபிளை இழுத்திருக்கிறார்கள், வோல்டேஜ் பாதி வழியிலேயே செத்துவிட்டது. கபாசிட்டரை மாற்றிவிட்டு, "தடிமனா கேபிள் வாங்கிக் குடுங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார். டூல்ஸ் பெட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு எர்த் கம்பி கிடந்தது. ஓனர் வாங்கிக் கொடுத்தாரா என்று கேட்டேன். "இல்ல தம்பி, பழைய இரும்புக் கடையில எடுத்தேன், எண்பது ரூபா" என்று சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.