நீல் டெனன்ட்டின் பாடல்களில் அடக்கமும் சாட்சியமும்

முன்னுரை

பெட் ஷாப் பாய்ஸ் என்னும் பிரிட்டிஷ் பாப் இசை இணையரின் பாடகரும் பாடலாசிரியருமான நீல் டெனன்ட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவருடைய குரலில்தான் தொடங்குகிறது. ஏற்ற இறக்கம் குறைந்த, உணர்ச்சியைக் கொட்டாத குரல் அது. அதனால் அவர் பாடல்கள் எள்ளல் மிகுந்தவை, ஈரமற்றவை என்ற கருத்து நெடுநாளாக உள்ளது. இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. டெனன்ட்டின் அடக்கம் தன் காலத்தின் இழப்புகளைப் பதிவு செய்ய அவர் கைக்கொண்ட கலை நெறி என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

உருவான விதம்

1954-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் நார்த் ஷீல்ட்ஸில் பிறந்த டெனன்ட், நியூகாசிலில் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றார். லண்டனில் வரலாற்றில் பட்டம் பெற்றார். மார்வெல் படக்கதை நிறுவனத்தின் பிரிட்டன் கிளையிலும், பின்னர் ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாப் இசை இதழிலும் பணியாற்றினார். 1981-இல் இணையரின் மற்றவரான கிறிஸ் லோவைச் சந்தித்து இணைந்து பாட்டமைத்தாலும், 1985-இல்தான் இதழ்ப் பணியை விட்டார். முப்பது வயதை எட்டும்வரை பிறர் எழுத்தைத் திருத்திய கையும், வரலாற்று மாணவரின் கண்ணும் அவருடைய பாடல்களுக்கு அடித்தளம் ஆயின.

'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்' இதற்கு முதற்சான்று. 1986-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்த இப்பாடலில் ஒரே கதைசொல்லி இல்லை. பல குரல்கள் குறுக்கிட்டுப் பேசும் டி. எஸ். எலியட்டின் 'தி வேஸ்ட் லேண்ட்' கவிதையும், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' ராப் பாடலும் இதற்குத் தூண்டுதலாக அமைந்தன. 'ஆப்பர்ச்சூனிட்டீஸ்', 'ரென்ட்' ஆகியவற்றில் பணத்தை நம்பி வாழும் பாத்திரங்கள் தாமே பேசுகின்றன. ஆசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. தாட்சர் ஆட்சிக்காலத்துப் பண மோகத்தை அப்பாத்திரங்களின் தன்னம்பிக்கையே காட்டிவிடுகிறது.

சொல்லாமல் விட்டவை

1987-இல் முதலிடம் பெற்ற 'இட்ஸ் எ சின்' கத்தோலிக்க வளர்ப்பு விதைத்த குற்றவுணர்வைப் பேசுவது. இசை இடிபோல் முழங்கினாலும் குரல் நிதானம் இழப்பதில்லை. இந்த முரண் மிக நுட்பமாக வெளிப்படும் பாடல் 1990-இல் வந்த 'பீயிங் போரிங்'. ஜெல்டா ஃபிட்ஸ்ஜெரால்டின் எழுத்திலிருந்து தூண்டுதல் பெற்று, எய்ட்ஸால் இறந்த இளமைக்கால நண்பரை நினைத்து எழுதப்பட்டது இது. இதன் மூன்று பகுதிகளும் 1920கள், 1970கள், 1990கள் ஆகிய மூன்று காலங்களைத் தொட்டுச் செல்கின்றன. நோய், மரணம் என்னும் சொற்கள் பாடலில் எங்கும் இல்லை. அழைப்பிதழ்களும் நிழற்படங்களும் ஓர் ஊர்விட்டுப் புறப்படும் பயணமும் வரிசையாக வருகின்றன. இறுதிப் பகுதியில் நண்பர் உடன் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அழுகையை வரிகளில் எழுதியிருந்தால் கேட்பவர் பார்வையாளராக நின்றிருப்பார். எழுதாமல் விட்டதால் இழப்பைத் தாமே கண்டுபிடிக்கிறார். வெளியானபோது பிரிட்டனில் இருபதாம் இடத்தைத் தாண்டாத இப்பாடல் இன்று அவர்களின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

மறுப்பும் விடையும்

டெனன்ட் தம் தன்பாலீர்ப்பை 1994-இல்தான் பொதுவெளியில் அறிவித்தார். ஆகவே முந்தைய பாடல்களின் அடக்கம் வெறும் தற்காப்பு என்று வாதிடலாம். தன்பாலீர்ப்பை 'ஊக்குவிப்பதை' உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தடைசெய்த பிரிவு 28 சட்டம் 1988-இல் வந்தது என்பதால், தற்காப்புக்குக் காரணம் இருந்ததும் உண்மையே. ஆனால் தம்மைப் பற்றி அறிவிக்காதபோதும், அவர் அந்தப் பொருளைப் பற்றி மௌனம் காக்கவில்லை. 'இட்ஸ் எ சின்' காணொளியை இயக்கிய டெரெக் ஜார்மனின் வேண்டுகோளின்பேரில், 1992-இல் மான்செஸ்டரில் எய்ட்ஸ் நிதிதிரட்டும் நிகழ்ச்சியில் பெட் ஷாப் பாய்ஸ் 'கோ வெஸ்ட்' பாடினர். வில்லேஜ் பீப்பிள் குழு 1979-இல் விடுதலைக் கொண்டாட்டமாகப் பாடியது, அத்தலைமுறையைக் கொள்ளைநோய் தாக்கியபின் டெனன்ட்டின் நிதானக் குரலில் இரங்கற்பாவின் சாயலைப் பெற்றது.

மேலும், அடக்கம் தற்காப்பு மட்டுமே எனில், 1994-க்குப் பின் அது மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. தன்பாலீர்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட கணிதவியலாளர் ஆலன் டூரிங்கைப் பற்றி 2014-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அரங்கேறிய பெட் ஷாப் பாய்ஸின் இசைப் படைப்பான 'எ மேன் ஃப்ரம் தி ஃபியூச்சர்', ஆண்ட்ரூ ஹாட்ஜஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து தன் வாசகத்தை எடுத்துக்கொண்டது. வெளிப்படையாகப் பேசத் தடையற்ற காலத்திலும் அவர் தேர்ந்தது புலம்பலை அன்று, ஆவணத்தையே.

முடிவுரை

டெனன்ட்டின் பாடல்கள் 2018-இல் ஃபேபர் பதிப்பகத்தின் வழி நூலாயின. எலியட் இயக்குநராக இருந்த பதிப்பகம் அது. அவற்றை நடன அரங்கின் இசைக்குத் துணைபோகும் வரிகளாக மட்டும் படிப்பது போதாது. தாட்சர் காலப் பணவேட்கை, கத்தோலிக்கக் குற்றவுணர்வு, எய்ட்ஸ் கொண்டுபோன ஒரு தலைமுறை ஆகியவற்றை ஆராய்வோர் அவற்றை வரலாற்றுச் சான்றாகவும் கொள்ள வேண்டும். குரல் தாழ்ந்திருப்பதால் சாட்சியம் வலிமை குன்றுவதில்லை.