கவுத்துப் பாருங்க!

அத்திபெலே கடைத்தெருவுல பிள்ளைக்கு மலிவா ஒரு மெட்டல் கார் எடுத்தீங்கன்னா, முதல்ல கவுத்துப் பாருங்க. சரித்திரம் அடித்தட்டுலதான் இருக்கு.

1960களின் கடைசியில, இங்கிலாந்து டிங்கி கார்களோட பழைய அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்துச்சு. அடித்தட்டுல டிங்கிங்கிற பேரை அழிச்சிட்டு 'நிக்கி'ன்னு போட்டு வித்தாங்க. தேஞ்ச அச்சு, விளிம்பெல்லாம் பிசிறு, அப்பின மாதிரி பெயிண்ட். இன்னிக்கு அதைத்தான் சேகரிப்பாளர்கள் தேடி அலையறாங்க :-)

பிசிறாவது கண்ணுக்குத் தெரியும். துத்தநாகக் கலவையில கொஞ்சம் ஈயம் சேர்ந்துட்டா, வருஷம் போகப்போக வண்டி தானா வெடிச்சு உதிரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தின டிங்கிகள் பல அப்படித்தான் போச்சு. பெயிண்ட்ல ஈயம் இருந்தாலும் பார்த்தாத் தெரியாது. பிள்ளையோ வாயில வைக்கும். இந்தியாவுல 2021 ஜனவரி 1லேர்ந்து பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அது இல்லையா, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க.