கலப்பை எதைக் கலக்கியது?

தைப் பொங்கலை ஒட்டி எங்கள் பகுதியில் நடந்த கூட்டமொன்றில் ஒருவர் சொன்னார்: மண்ணைக் கலப்பதால் அது கலப்பை. சொன்னதோடு விடாமல், கலப்பு ஒருபுறம், ஐ ஒருபுறம் என்று காற்றில் விரலால் எழுதியும் காட்டினார். நல்ல கைதட்டல். தட்டியவர்களில் எனக்குத் தெரிந்த இரண்டு தமிழாசிரியர்களும் இருந்தார்கள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு புதுப்பேட்டை போக நேர்ந்தது. பையன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவு. இரண்டாண்டுப் படிப்பில் ஒன்றை முடித்துவிட்டு ஓர் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகச் சேர்ந்திருக்கிறான். அங்கே இருப்பவர்கள் தங்கள் கருவியைப் பிறர் கையில் தரமாட்டார்கள். சொந்தமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் பணம் கொடுப்பது மரபு.

மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டு குறளைவிடச் சுருக்கம். டபுள் எண்ட் ஸ்பேனர் 6-7 தொடங்கி 20-22 வரை எட்டு. அதே அளவுகளில் ரிங் ஸ்பேனர். கட்டிங் பிளேயர் ஒன்று, நோஸ் பிளேயர் ஒன்று, தட்டை ஸ்க்ரூ டிரைவர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சுத்தி. பளபளவென்று மூடி திறந்து வைத்திருந்த பெரிய சாக்கெட் செட்டின் மேல் பையனுக்குக் கண். கடைக்காரர் தடுத்தார். "முதல்ல ரிங்கும் ஓப்பனும் போதும் தம்பி. சாக்கெட்டு அப்புறம் ஒண்ணொண்ணா சேரும்." விற்க வேண்டியவரே வேண்டாம் என்றது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேதான் ஒன்று கற்றேன். ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் பருமன் அன்று. நட்டின் எதிரெதிர்த் தட்டைப் பக்கங்களுக்கு இடைப்பட்ட மில்லிமீட்டர். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 ஸ்பேனர். 8 மி.மீ. போல்ட்டுக்கு 13; ஜப்பானிய வழக்கில் செய்த வண்டியானால் 12. 10 மி.மீ. போல்ட்டுக்கு 10 ஸ்பேனரைத் தேடி எடுப்பவன் நேற்றுச் சேர்ந்தவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று ஒரு நம்பர் பெரிய ஸ்பேனரை மாட்டி இழுத்தால் அது வழுக்கி நட்டின் மூலையை மழுக்கிவிடும். அதற்குப் பிறகு சரியான ஸ்பேனரும் அதைப் பிடிக்காது. கலப்பு என்பதைக் கலப்பையில் மாட்டி இழுத்த மேடைக்காரர் நினைவுக்கு வந்தார்.

கடைசியில் பெட்டி. மூன்று தட்டு, ஐந்து தட்டு என்று இரண்டு வகை விரித்துக் காட்டினார்கள். "அஞ்சு தட்டு வேணாம் சார். இடம் இருந்தா சாமான் சேரும். நிறைஞ்சா தூக்குறது இவன்தான்" என்றார் கடைக்காரர். அப்போது பையன் கேட்டான்: "டூல் பாக்ஸுக்குத் தமிழ்ல என்ன மாமா?"

"கலப்பை" என்றேன்.

"அது விவசாயச் சாமான் கடையில கிடைக்கும் சார்" என்றார் அவர், மரியாதையாகவே.

அவருக்காகவும் அந்தக் கைதட்டலுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

புறநானூற்று 206ஆம் பாட்டை அறியாதவர் இல்லை. அதியமான் பரிசில் நீட்டிக்கிறான். ஔவை வாயிற்காவலனிடம் சீறுகிறார். அந்தப் பாட்டில் எல்லாரும் நினைவு வைத்திருப்பது எத்திசை போனாலும் சோறு உண்டு என்ற வீறாப்பை மட்டும். அதற்கு முன்னால் அவர் என்ன செய்துவிட்டதாகச் சொல்கிறார் என்று பாருங்கள். கலத்தைக் காவிக்கொண்டாராம், கலப்பையைச் சுருக்கிக் கட்டிக்கொண்டாராம். ஔவை உழுபடையையா கட்டிக்கொண்டு புறப்பட்டார்? மண்ணைக் கலக்கவா அதியமான் வாசலுக்கு வந்தார்? அது கலம் பெய்த பை. யாழும் பிற கருவிகளும் அவற்றின் துணைப் பொருள்களும் கொண்ட மூட்டை. உடனே அடுத்து ஓர் உவமை: தச்சனுடைய கைத்திறம் வாய்ந்த பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனால் வேலைக்கு மரமா கிடைக்காது? கருவிப்பையும் தொழில் தேர்ந்த இளம்பிள்ளைகளும் அடுத்தடுத்த அடிகளில் நிற்கிறார்கள். என் மருமகனுக்கு இதைவிட நல்ல பாட்டு இல்லை. அவன் படிக்கமாட்டான், அது வேறு.

அடுத்து மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் தொடக்கத்திலேயே கூத்தர் சுமையைப் பிரித்து வைக்கிறார்: முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை, இன்னும் பிற. இத்தனையும் சமமாகக் கட்டித் தோளில் தொங்கும் பைகளுக்குப் பெயர் கலப்பை. பலாமரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதுபோல் இருக்கிறதாம். பார்த்து எழுதியவர் என்பது அந்த உவமையிலேயே தெரிகிறது. வெவ்வேறு வடிவக் கருவிகளை ஒரு பையில் திணித்தால் அப்படித்தான் அங்கங்கே புடைக்கும்.

மூன்றாவது, பதிற்றுப்பத்தின் 41ஆம் பாட்டு, பரணருடையது. அங்கே இன்னொரு நயம்: யாழை இளையர் சுமக்கிறார்கள், முழவையும் பதலையையும் தூம்பையும் சேர்த்துக் கட்டிய கலப்பை காவடியில் தொங்குகிறது. அந்தக் கலப்பைக்குப் பரணர் தரும் அடை, துறைக்கு வேண்டியவையெல்லாம் ஒருங்கு கூடியது என்பது. ஸ்பேனர் செட் என்கிறோமே, அந்தச் செட்டுதான். கருவியைத் தூக்குவது இளையவன் வேலை என்பதும் புதுப்பேட்டைக்காரர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று.

பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் பதிற்றுப்பத்து 1904இலும் உ.வே.சா. பதிப்பாக வந்துவிட்டன. இவ்வளவு காலம் கையில் இருக்கும் சான்றைத் திறந்து பாராமல் காற்றில் எழுதுகிறார்கள்.

புணர்ச்சியில் சிக்கல் ஏதும் இல்லை. பணம், பை, பணப்பை. மகரம் கெடும், பகரம் மிகும். நன்னூல் படிக்கும் பிள்ளை சொல்லும். பை பழஞ்சொல்லா என்றால், சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதைக்குப் போகலாம். கோவலனுக்கு எதிர்ப்பட்ட பொற்கொல்லன் மெய்ப்பைக்குள் புகுந்து வருகிறான். சட்டையைத்தான் உடம்புக்கு மாட்டிய பை என்கிறார் இளங்கோவடிகள். அவன் கையில் கைக்கோல் வேறு. தமிழிலக்கியத்தில் கருவியோடு அறிமுகமாகும் தொழிலாளிகளில் அவனைப்போல் கெட்ட பெயர் வாங்கியவன் இல்லை. கொல்லன் கருவிகளில் ஒன்றான குறடு என்ற சொல்லும் இப்படித் தனியே எழுதத் தக்கது. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் தரும் தேரில் உளியின் வடு ஆழ்ந்த குறடு இருக்கிறது. அது இடுக்கும் குறடு அன்று, ஆரக்கால்கள் பொருந்திய சக்கரக் குடம். சட்டமன்றக் கொறடா உறுப்பினரை இடுக்கிப் பிடிப்பதால் அந்தப் பெயர் பெற்றார் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கொரடா என்றால் தெலுங்கிலும் மராட்டியிலும் சாட்டை. அவ்வளவுதான்.

கலப்பைக்கு வருவோம். மறுப்பாளர் இரு வகை.

கலப்பதால் கலப்பை என்பவர் ஏர் பிடித்திருக்க மாட்டார். நாட்டு மரக்கலப்பை மண்ணைப் புரட்டுவதுகூட இல்லை; கீறிக்கொண்டு போகும். சாலுக்கும் சாலுக்கும் இடையே கீறாத நிலம் நிற்கும். அதனால்தான் குறுக்கே மறுசால் ஓட்டுவார்கள். புரட்டும் கலப்பை இரும்பில் வந்தது. சேற்றுழவைக் காட்டுவார்கள். அங்கே கலக்குவது மாட்டுக் குளம்பும் பரம்புப் பலகையும். செய்வதை வைத்துத்தான் பெயர் என்றால் பரம்புக்கல்லவா கலப்பை என்று பெயர் வந்திருக்க வேண்டும்?

இரண்டாம் வகையினர் படித்தவர்கள். உழு கலப்பை வேறு, பைக் கலப்பை வேறு, ஒலி மட்டும் ஒன்று என்பார்கள். அகராதி தொகுப்பவருக்கு எண் 1, எண் 2 என்று பிரித்துப் போடுவது எளிது. அப்படியானால் அந்த உழு கலப்பை எங்கிருந்து வந்தது? உழுபடைக்குப் பழையவர்களுக்குச் சொல் பஞ்சமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் நாஞ்சில் பெண் யானையின் வாய்போல வளைந்திருக்கிறது, கொழு உடும்பின் முகம்போல இருக்கிறது. பலராமன் ஏந்துவது நாஞ்சில். வள்ளுவர் உழவுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். அதில் ஏர் வருகிறது, கலப்பை வரவில்லை. கன்னடத்தார் நேகிலு என்கிறார்கள், தெலுங்கர் நாகலி என்கிறார்கள், இரண்டும் நாஞ்சிலின் உறவு. உழுபடையைக் கலப்ப என்று நம்மோடு சேர்ந்து சொல்பவர் மலையாளத்தார். ஆகவே இந்தப் பொருளும் நேற்று வந்ததன்று. ஆனால் பைக்குப் பின் வந்தது.

எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. உழவன் வயலுக்குக் கொண்டுபோவது ஒற்றைக் கருவி அன்று. மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு. பூட்டினால் ஏர். அவிழ்த்துத் தோளில் போட்டால்? தொழிலுக்கு வேண்டிய தொகுதி முழுவதையும் பாணன் எப்படித் தோளில் போட்டானோ அப்படியே இவனும் போட்டுக்கொண்டு நடக்கிறான். பாணனுடைய தொகுதிக்கு இருந்த பெயர் உழவனுடைய தொகுதிக்கும் ஆயிற்று. பாணர் மரபு மங்கிற்று, உழவு நின்றது. பெயர் உழவனிடம் தங்கிவிட்டது. பை எங்கே போனது என்று கேட்பார்கள். பெயரில் இருக்கிறது.

தொகுதியின் பெயரும் கருவியின் பெயரும் ஒன்றாவது தமிழுக்குப் புதிதா? கருவி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியர் உரியியலில் அதற்குச் சொல்லும் பொருள் தொகுதி. கருவி வானம் என்று பழம்புலவர் பாடியது இடி, மின்னல், மழை எல்லாம் கூடிய தொகுதியை. இன்று ஒற்றை ஸ்பேனரும் கருவி.

இன்னொரு சாட்சி, எனக்கு மிகவும் பிடித்தது, அடைப்பம். வெற்றிலைக்கு அடை என்றொரு பெயர். அடை வைத்த பை அடைப்பை. அரசனுக்குப் பக்கத்தில் அதை ஏந்தி நின்றவன் அடைப்பைக்காரன். அதுவே அடைப்பம் ஆகி, முடிதிருத்துபவர் கத்தியும் கத்தரியும் வைத்துக்கொள்ளும் பைக்குப் பெயராயிற்று. கன்னடத்தில் ஹடப என்பது இதன் உடன்பிறப்பு. பசவண்ணர் காலத்து வசனக்காரர் ஹடபத அப்பண்ணர் பெயரில் இருப்பது அந்த வெற்றிலைப் பைதான். வெற்றிலைப் பை சவரப் பை ஆகலாம், இசைப் பை உழவுத் தொகுதி ஆகலாகாதா?

ஔவையிடம் கேட்டால் இன்னும் கிடைக்கும். புறநானூறு 102இல் உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். மேடும் பள்ளமும் எப்படி இருக்குமோ, வழியில் ஒடிந்தால் மாட்ட வேண்டும். நம் ஆட்கள் அதை ஸ்டெப்னி என்கிறார்கள். வேல்ஸ் நாட்டு லனெத்லியில் ஸ்டெப்னி தெரு என்றொரு தெரு உண்டு. அங்கே 1904இல் டேவிஸ் சகோதரர் உருவாக்கிய மாற்றுச் சக்கரம் அந்தப் பெயரை இங்கே வரை கொண்டுவந்தது. சேமச் சக்கரம் என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. நான் குறைசொல்லவில்லை. சாவி என்ற போர்த்துக்கீசியச் சொல்லையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். போர்த்துக்கீசியருக்கு அந்தச் சொல் ஸ்பேனருக்கும் பெயர். நாம் பூட்டுக்குரியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். நாமே செய்த அழகான சொல் திருப்புளி. திருப்பும் உளி. தச்சர் வாயில் இன்னும் கேட்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூ டிரைவர்தான்.

மூன்று தட்டுப் பெட்டியையே வாங்கினோம். பையன் அதன் மூடியில் வெள்ளைப் பெயின்டால் தன் பெயரை எழுதிக்கொண்டான். கீழே கலப்பை என்று எழுதடா என்றேன். "சிரிப்பாங்க மாமா" என்று தூரிகையைக் கழுவப் போய்விட்டான்.

சிரிக்கட்டும். கலப்பை, கலம் பெய்த பை. வேறு சொல்பவர் சங்க நூல்களில் கலப்பை உழுத ஓரிடத்தைக் காட்டிவிட்டுப் பேசட்டும்.