ராஜ்மாவின் இரண்டு பிறந்தகங்கள்



தில்லி, சண்டிகர், லக்னோ போன்ற நகரங்களில் குடியேறிய நம்மவர் வீடுகளில் ராஜ்மா புகுந்து நெடுநாளாயிற்று. அதனை வடநாட்டுக்கே உரிய பயறு என்று கருதுவோரும், பெரிய காராமணி என்று சொல்வோரும் நம்மிடையே உளர். இரண்டும் சரியன்று. நம் ஊர்ச் சந்தையில் பீன்ஸ் என்ற பெயரால் விற்கப்பட்டு, தேங்காய்த் துருவலுடன் பொரியலாகும் காயும் இந்த ராஜ்மாவும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. பிஞ்சுக்காக வளர்க்கும் வகைகளும் விதைக்காக வளர்க்கும் வகைகளும் காலப்போக்கில் பிரிந்தன, இனம் ஒன்றே. காராமணி ஆப்பிரிக்காவில் தோன்றியது. சங்க நூல்கள் கூறும் அவரையும் வேறு இனம். பீன்ஸின் பிறந்தகமோ அமெரிக்கக் கண்டம்.

அங்கும் அதற்குப் பிறந்தகம் ஒன்றன்று, இரண்டு. மெக்ஸிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள மலைச்சரிவுகளில் இதன் காட்டுக்கொடி இன்றும் வளர்கிறது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள கொடிகள், மனிதன் கைபடுவதற்கு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தம்முள் பிரிந்துவிட்டன. பின்னர், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன், மெக்ஸிகோப் பகுதி மக்களும் ஆண்டிஸ் மலை மக்களும் தனித்தனியே அதனைப் பயிராக்கினர். 2014-இல் இப்பயிரின் மரபணுத் தொகுதியைப் படித்தறிந்த விஞ்ஞானிகளும் இதனை உறுதி செய்தனர். மெக்ஸிகோ வழியின் விதைகள் பெரும்பாலும் சிறியவை. ஆண்டிஸ் வழியின் விதைகள் பெரியவை; 100 விதைகள் 40 கிராமுக்கு மேல் நிற்பதுண்டு.

1492-இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னர், இவ்விதைகள் கப்பலேறின. 1542-இல் ஜெர்மானிய மருத்துவரான லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் வெளியிட்ட மூலிகை நூலில் இச்செடியின் படம் அச்சாகியிருந்தது. இரு வழி விதைகளும் நம் இமயமலைச் சாரலை வந்தடைந்தன. காஷ்மீரம், இமாசலம், கடுவால், குமாவோன் ஆகிய இடங்களில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனக்கு உகந்ததைப் போற்றி வைத்துக்கொண்டது. 2015-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நம் நாட்டு விதை வங்கியில் உள்ள 4,274 மாதிரிகளை ஆராய்ந்தது. வெள்ளை, மஞ்சள், கருஞ்சிவப்பு, கறுப்பு, புள்ளியிட்டவை, வரியோடியவை. சிறுநீரக வடிவின, உருண்டையானவை. குத்துச்செடி, படர்கொடி என அவற்றின் வேற்றுமைகளுக்கு அளவில்லை.

இத்துணை வண்ணங்களைக் கண்டவுடன், இவையனைத்தும் பிறப்பால் வேறுபட்டவை என்று நாம் முடிவு செய்துவிடலாமா? இக்கேள்விக்கு விடை கண்டவர் டென்மார்க் நாட்டுத் தாவர அறிஞர் வில்ஹெல்ம் யோஹான்சன். அவர் ஆராய்ந்ததும் இதே பீன்ஸ்தான். இதன் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆகவே ஒரு விதையின் சந்ததி கலப்பின்றித் தொடரும். அத்தகைய 19 தூய வழிகளை வளர்த்து, ஒவ்வொன்றிலும் கனத்த விதைகளையும் இலேசான விதைகளையும் பிரித்து விதைத்தார். ஒரே வழியில் பிறந்தவையாயின், இரண்டின் சந்ததியும் சராசரி எடையில் ஒத்திருக்கக் கண்டார். அந்த வேறுபாடு மண்ணும் நீரும் தந்தது, பரம்பரை தந்ததன்று. 1903-இல் இம்முடிவை வெளியிட்டார். புறத்தோற்றத்தையும் மரபமைப்பையும் பிரித்துக் கூறும் சொற்களையும், நாம் மரபணு என்று மொழிபெயர்க்கும் ‘ஜீன்’ என்ற சொல்லையும் 1909-இல் உலகுக்கு அளித்தவரும் அவரே.

இதன் மறுபக்கமும் உண்மை. விதைத்தோலின் நிறம் ஓரிரு மரபணுக்களாலேயே மாறிவிடக்கூடும். ஆகவே, நிறத்தால் வேறான இரு விதைகள் நெருங்கிய உறவினவாகவும், ஒன்றுபோலச் சிவந்த இரு விதைகள் வெவ்வேறு பிறந்தகத்தனவாகவும் இருத்தல் கூடும். கண்ணுக்குத் தெரியும் வளம் ஒன்று. உள்ளே மறைந்திருக்கும் வளம் மற்றொன்று.

மறைந்திருக்கும் வளத்தின் அருமை நோய்க்காலத்தில் விளங்கும். பீன்ஸ் காய்களில் கரும்புள்ளிகளை உண்டாக்கி, விளைச்சலையே அழிக்கும் பூசணநோய் ஒன்று உண்டு. வியப்பு யாதெனில், பயிரைப் போலவே அப்பூசணமும் மெக்ஸிகோ வழி, ஆண்டிஸ் வழி என இரு கிளைப்பட்டது. ஆண்டிஸ் பூசணம் பெரும்பாலும் ஆண்டிஸ் விதையின் செடிகளையே தாக்குகிறது. மெக்ஸிகோ வழிச் செடிகள் பல அதனைத் தாங்கி நிற்கின்றன. ஒரே வகையை எங்கும் விதைத்த நாடு ஒரே நோயால் அனைத்தையும் இழக்கலாம். இரு வழிகளையும் காத்து வைத்த நாட்டுக்கு மருந்து தன் விதைப்பானையிலேயே இருக்கும்.

அவ்விதைப்பானை காலியாகும் நாளும் வந்தது. ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள சரக்கையே சந்தை விரும்பியதால், மலை உழவர் பழைய வகைகளைக் கைவிடலாயினர். பன்னிரு தானியம் என்னும் பொருளுடைய ‘பாரஹ்நாஜா’ என்ற கலப்புச் சாகுபடியும் குன்றியது. கீரைத்தண்டின் இனத்ததான ராம்தானாச் செடியைப் பற்றி ராஜ்மாக் கொடி ஏறும் காட்சியும் அருகியது. இந்நிலையில், 1980-களின் பிற்பகுதியில் டெஹ்ரி கடுவாலில் விஜய் ஜர்தாரியும் அவருடைய தோழர்களும் ‘பீஜ் பசாவோ ஆந்தோலன்’ என்னும் விதை காக்கும் இயக்கத்தைத் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று விதை திரட்டினர். ராஜ்மாவில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட வகைகள் கிடைத்தன. பின்னர் முன்சியாரி ராஜ்மா 2021-இலும், பதர்வா ராஜ்மா 2023-இலும் புவிசார் குறியீடு பெற்றன.

குளிரறையில் உறங்கும் விதை நெடுநாள் அழியாதிருக்கும். ஆனால் மாறும் மழைக்கும் புதிய நோய்க்கும் ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள அதனால் இயலாது. அதற்கு வயல் வேண்டும், விதைக்கும் உழவன் வேண்டும். விளைந்ததை வாங்குவோரும் வேண்டும். வடபுலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை கடையில் ராஜ்மா வாங்கும்போது, இது எந்த மலையில் விளைந்தது என்று கேட்போம். பல நிறம் கலந்த மலைச்சரக்குக் கிடைத்தால், அது தரம் குறைந்தது என்று எண்ணி ஒதுக்காதிருப்போம்.