இணையவழி உளவியல் சிகிச்சை: நடைமுறை இலக்குகளை வகுத்துச் செயல்படுவது எப்படி?

உளவியல் சிகிச்சையாளரைக் கைப்பேசி அல்லது கணினியின் காணொளி அழைப்பு வாயிலாகச் சந்தித்துப் பெறும் பேச்சுவழிச் சிகிச்சையே இணையவழி உளவியல் சிகிச்சை எனப்படும். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை ஆகியவற்றால் அவதியுறும் பலருக்கு இம்முறை நல்ல பயன் அளிக்கிறது. தொலைவு, பயணச் செலவு, விடுப்பு கிடைக்காமை போன்ற காரணங்களால் மருத்துவமனைக்கு வர இயலாதோருக்கும் இது உதவும்.

ஆயினும், வாரம் ஒருமுறை மனம்விட்டுப் பேசுவதால் மட்டும் முழு நலம் கிட்டிவிடாது. ஓர் அமர்வு பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். வாரத்தின் எஞ்சிய நேரத்தில் உங்கள் அன்றாட வாழ்வில் எது மாற வேண்டும் என்பதை நீங்களும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவு செய்வதே நடைமுறை இலக்கு வகுத்தல் ஆகும்.

தொடங்கும் முன் அறிய வேண்டியவை

• மருத்துவ உளவியலாளர் எனில், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா எனக் கேளுங்கள். மனநல மருத்துவர் எனில், மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்க வேண்டும். இவ்வாறு கேட்பது அவமரியாதை ஆகாது. அது உங்கள் உரிமை.
• மருந்து எழுதித் தருபவர் மருத்துவரே. ஏற்கெனவே மனநல மருந்து உட்கொள்பவர்கள், பேச்சுவழிச் சிகிச்சை தொடங்கியதும் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.
• மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி உங்கள் சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் இதற்கு விதிவிலக்கு. அவை யாவை என்பதை முதல் அமர்விலேயே கேட்டறியுங்கள்.
• நீங்கள் இருக்கும் முகவரியையும், அவசரத்தில் அழைக்கத்தக்க ஒருவரின் தொலைபேசி எண்ணையும் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். அழைப்பு துண்டிக்கப்பட்டால் யார் யாரை மீண்டும் அழைப்பது என்பதையும் பேசி வையுங்கள்.

விருப்பம் வேறு, இலக்கு வேறு

"பழையபடி ஆக வேண்டும்", "மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்" என்பவை நியாயமான விருப்பங்கள். ஆனால் நாளைக் காலை எழுந்து என்ன செய்வது என்பதை அவை சொல்வதில்லை. நல்ல இலக்கு, செய்தோமா இல்லையா என்று தெளிவாகச் சொல்லக்கூடியதாக இருக்கும். உங்கள் கையில் உள்ளதாக இருக்கும். மனம் மிகவும் தளர்ந்த நாளிலும் செய்யக்கூடிய அளவுக்குச் சிறியதாக இருக்கும். சில எடுத்துக்காட்டுகள்:

மனச்சோர்வு: நண்பகல் வரை படுக்கையிலேயே இருப்பவர், "காலை 8 மணிக்குள் எழுந்து, முகம் கழுவி, வாசலில் 10 நிமிடம் நிற்பேன், வாரத்தில் 4 நாள்" என்று தொடங்கலாம். உற்சாகம் வந்த பின் செயல்படலாம் என்று காத்திருந்தால், செயல் குறைந்து சோர்வு மேலும் கூடும். எனவே இச்சிகிச்சையில் செயல் முதலில் வருகிறது. உற்சாகம் மெல்லப் பின்தொடர்கிறது.

பேருந்தில் ஏறப் பயம்: முதல் வாரம் நிறுத்தம் வரை சென்று நிற்பது, அடுத்து, துணையுடன் ஒரு நிறுத்தம் வரை பயணம், பின்னர் நெரிசல் இல்லாத நேரத்தில் தனியாக, இறுதியில் அலுவலக நேரத்தில். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கிவிட்டால், இறங்கியதால்தான் தப்பினோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. பயம் தானே தணியும் என்பதை உடல் உணரும் வரை அப்படியில் நீடிப்பதே பயிற்சி. அடுத்த படிக்கு எப்போது செல்வது என்பதைச் சிகிச்சையாளருடன் முடிவு செய்யுங்கள்.

தூக்கமின்மை: "8 மணி நேரம் தூங்குவேன்" என்பது நம் கையில் இல்லாத இலக்கு. "எப்போது தூங்கினாலும் காலை 6 மணிக்கு எழுவேன், ஏறத்தாழ 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து அமைதியாக அமர்வேன்" என்பது நம் கையில் உள்ளது.

இலக்கு யாருடையது?

குடும்பத்தினர் பெரும்பாலும் "மீண்டும் வேலைக்குப் போக வேண்டும்" என்பார்கள். பாதிக்கப்பட்டவரோ "ஓர் இரவாவது நன்றாகத் தூங்க வேண்டும்" என்பார். பிறருடைய இலக்கைச் சுமந்து தொடங்கினால், சில அமர்வுகளிலேயே சிகிச்சை கைவிடப்படக்கூடும். எனவே முதல் இலக்கு உங்களுடையதாக இருக்கட்டும். அது நிறைவேறும்போது வேலைக்குத் திரும்பும் வழியும் எளிதாகும்.

முன்னேற்றத்தை அளவிடுதல்

ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் ஒரு வரி எழுதினால் போதும்: இலக்கைச் செய்தேனா, அப்போது மனநிலை 10-க்கு எவ்வளவு. சிகிச்சையாளர் சில வாரங்களுக்கு ஒருமுறை பி.எச்.க்யூ-9 என்னும் வினாத்தாளைத் தரக்கூடும். கடந்த இரண்டு வாரங்களின் நிலையைப் பற்றிய 9 வினாக்கள் கொண்ட இதன் மதிப்பெண் 0 முதல் 27 வரை. மதிப்பெண் குறைவது முன்னேற்றத்தின் அடையாளம். இதன் கடைசி வினா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு மறைக்காமல் விடையளியுங்கள்.

ஒப்புக்கொண்டதைச் செய்ய இயலாவிட்டால் வெட்கப்பட்டு அமர்வைத் தவிர்க்காதீர்கள். எந்த இடத்தில் தடைப்பட்டது என்பது சிகிச்சைக்குத் தேவையான தகவல். இலக்கைப் பாதியாகக் குறைத்து மீண்டும் முயலலாம். பல வாரங்கள் ஒழுங்காகச் செயல்பட்டும் மாற்றம் இல்லையெனில், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிகிச்சை முறையை மாற்றவோ, மருந்து சேர்க்கவோ, நேரில் பரிசோதிக்கவோ தேவைப்படலாம். தொடர் சோர்வுக்குத் தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்ற உடற்காரணங்களும் உண்டு.

வீட்டில் தனிமை இல்லாதபோது

சிறிய வீட்டில் தனியறை கிடைப்பது அரிது. காதொலிப்பான் பயன்படுத்துங்கள். வீட்டார் வெளியே செல்லும் நேரத்தை அமர்வுக்குத் தேர்ந்தெடுங்கள். மொட்டைமாடி, நிறுத்தி வைத்த வாகனம் ஆகியவையும் பயன்படும். வாகனம் ஓட்டிக்கொண்டு பேசக் கூடாது. யாரேனும் அருகில் வந்தால் சொல்ல ஒரு குறிப்புச் சொல்லைச் சிகிச்சையாளருடன் முன்பே பேசி வைக்கலாம். குடும்ப வன்முறைக்கு உள்ளானோருக்கு இது மிக அவசியம்.

பராமரிப்பாளர்களுக்கு

• அமர்வு முடிந்ததும் "என்ன பேசினீர்கள்?" என்று துருவிக் கேட்காதீர்கள். "நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேளுங்கள்.
• சிறு முயற்சியையும் கவனித்துச் சொல்லுங்கள். "இதெல்லாம் ஒரு சாதனையா?" என்ற ஒரு சொல் பல வார உழைப்பைக் குலைத்துவிடும்.
• நோயாளியின் வேலைகள் அனைத்தையும் நீங்களே செய்துவிடாதீர்கள். அவர் இலக்காக ஏற்றதை அவரே செய்ய விடுங்கள்.

இணையவழிச் சிகிச்சை மட்டும் போதாத நிலைகள்

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அல்லது திட்டம், பிறருக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, காரணமற்ற கடும் சந்தேகம், உணவையும் நீரையும் மறுப்பது, மதுவை நிறுத்தியபின் நடுக்கம், குழப்பம் அல்லது வலிப்பு ஆகியவை இருப்பின், அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். அவசர ஊர்திக்கு 108-ஐ அழையுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லி, மாத்திரைகள் போன்றவற்றை அவர் கைக்கு எட்டாதவாறு அப்புறப்படுத்துங்கள்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். இணையவசதியோ காணொளிக் கருவியோ இல்லாதவர்களும் சாதாரணக் கைப்பேசியிலிருந்தே இந்த எண்ணை அழைக்கலாம். நேரில் சிகிச்சை பெற, மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் இயங்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவை அணுகுங்கள்.

முதல் அமர்வுக்குச் செல்லும் முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள்: "என் நிலை சற்றுத் தேறினால், இப்போது செய்யாத எந்த ஒரு செயலை நான் செய்துகொண்டிருப்பேன்?" அந்த விடையிலிருந்தே உங்கள் முதல் இலக்கைச் சிகிச்சையாளருடன் சேர்ந்து வகுக்கலாம்.