கிராதிக்கு அப்பால்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பதினொரு நிலைக் கோபுரம்தான் நினைவுக்கு வரும். 192 அடி உயரம். அந்த ஊரிலும் பக்கத்து இராஜபாளையத்திலும் கத்தோலிக்கர்கள் சிறு கூட்டம்தான். 1938-ல் உண்டாகி, 1953-ல் உயர்மறைமாவட்டமான மதுரையைச் சேர்ந்தவர்கள்.

இந்தப் பக்கத்தில் யுத்தத்துக்குப் பின் எழுந்த சின்னக் கோயில்களைப் பார்த்து, "இதில் என்ன சிற்பம் இருக்கிறது?" என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. இல்லைதான். யுத்த காலத்துச் சிமெண்டுக் கட்டுப்பாடு, இடையிடையே தளர்ந்தாலும், அடியோடு விலகியது 1989-ல். இராஜபாளையம் பி. ஏ. சி. ராமசாமி ராஜா மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கியதே 1957-ல்தான். கையில் கிடைத்ததை வைத்து நாலு சுவர் எழுப்பினால் போதும் என்றிருந்த காலம்.

ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நீண்ட கூடம், சுவர்களில் சிலுவைப் பாதையின் 14 ஸ்தலங்கள், கோடியில் கிராதி. போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது. அதற்கு அப்பால், சுவரை ஒட்டிப் பீடம். சாமியார் ஜனங்களுக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைப்பார். ஜனங்கள் தரையில் உட்கார்ந்து தமிழில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பாஷை, இரண்டு வழிபாடு!

1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கம் இதை மாற்றியது. பீடத்தைச் சுவரிலிருந்து விலக்கி அமைப்பது நல்லது என்று 1964-ல் ஆணை வந்தது. பூசை தமிழுக்கு வந்தது. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டபடி மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குதல், தரையில் உட்காருதல் ஆகியவற்றுக்கு ரோமாபுரி இசைந்தது. "தரையில் உட்காரவா அனுமதி?" என்று நம் ஊர்ப் பாட்டிமார் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். அவர்கள் வேறு எங்கே உட்கார்ந்தார்கள்?

இது இந்துமதச் சாயல் என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தான் முதல் நன்மை வாங்கிய கிராதியை ஆட்கள் பெயர்த்து வெளியே தூக்கிப் போகும்போது, ஒரு கிழவிக்கு அது வெறும் மரமாகவா தோன்றியிருக்கும்?

இருந்தாலும் ஒன்று சொல்லலாம். கோபுரத்தை அடிக் கணக்கில் அளக்கிறோம். சின்னக் கோயிலில் அளக்க வேண்டியது, பீடத்துக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் நடுவே உள்ள தூரத்தை. அது குறைந்திருக்கிறது.